பங்க் ராக் எழுந்த கதையை ஆவணப்படங்களில் பார்ப்பது எப்படி? ஒரு முழு வழிகாட்டி

எழுபதுகளில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளம்பிய வேகமான, முரட்டு ராக் இசைதான் பங்க் ராக். அதைப் பற்றிய ஆவணப்படங்களுக்குப் பஞ்சமே இல்லை. எதிலிருந்து தொடங்குவது என்பதுதான் சிக்கல். கைக்குக் கிடைத்ததைப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் நரைத்த தலைகள் வரிசையாக வந்து உட்கார்ந்து, "அந்தக் காலத்துல..." என்று ஆரம்பிப்பார்கள். நடுநடுவே எல்லாப் படத்திலும் வருகிற அதே பழைய துணுக்குகள். இரண்டு படத்திலேயே சலித்துப்போய், இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றிவிடும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. படம் எந்த ஆண்டைப் பற்றியது என்று பார்க்காமல், எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்று பாருங்கள். பங்க் முளைத்துக்கொண்டிருந்தபோதே அந்தக் கூட்டத்துக்குள் நின்றவர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு எடுத்த படங்கள் சில உண்டு. முதலில் அவை. பிறகு, ஆற அமர உட்கார்ந்து எடுத்தவை. முதல் வகை நடந்ததைக் காட்டும், ஏன் நடந்தது என்று சொல்லாது. இரண்டாவது வகை காரணமெல்லாம் அடுக்கும், ஆனால் சொல்கிறவருக்குத் தீர்க்க வேண்டிய பழைய கணக்கு ஏதாவது இருக்கும். முதல் வகையைப் பார்த்திருந்தால்தான் அந்தக் கணக்கு கண்ணில் படும்.

தொடங்கும் முன்

ஹெட்போன் வேண்டும். டிவியின் சின்ன ஸ்பீக்கரில் இந்த இசை வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். சப்டைட்டில் உள்ள பிரதியாகத் தேடுங்கள். லண்டன் தெருப் பையன்களின் ஆங்கிலம், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே பிடிபடாது. தானாக உருவாகும் சப்டைட்டிலை நம்ப வேண்டாம், பாதி உளறலாக இருக்கும்.

இன்னொன்று, இவற்றைக் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்க முடியாது. ஊசி போட்டுக்கொள்வது, பிளேடால் கீறிக்கொள்வது, காது கூசும் வசவுகள் எல்லாம் வரும். சட்டையில் ஸ்வஸ்திகா அணிந்தவர்களையும் பார்ப்பீர்கள். நம் வீட்டு வாசலில் போடுகிற ஸ்வஸ்திகா அல்ல அது, ஹிட்லர் கட்சிக் கொடியில் இருந்தது. போர் முடிந்து முப்பது ஆண்டு ஆகியிருந்த லண்டனில், பெரியவர்களைக் கொதிக்க வைப்பதற்கென்றே சிலர் அணிந்தார்கள். பலருக்கு அது அதிர்ச்சி விளையாட்டு. ஆனால் அந்த விளையாட்டு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கும் பின்னால் ஒரு படம் இருக்கிறது.

முதல் படி: படத்துக்கு முன் 29 நிமிடம் கேளுங்கள்

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியைச் சேர்ந்த ரமோன்ஸ் குழுவின் முதல் ஆல்பம் 1976 ஏப்ரலில் வந்தது. 14 பாட்டு, மொத்தம் 29 நிமிடம். பதிவுச் செலவு சுமார் 6,400 டாலர். பெரிய ராக் குழுக்கள் மாதக்கணக்கில் ஸ்டுடியோவில் குடியிருந்து, ஒரே பாட்டை இருபது நிமிடம் இழுத்துக்கொண்டிருந்த காலம் அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெட்போனில் கேட்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். வலது காதிலிருந்து கழற்றிவிட்டுக் கேளுங்கள், பேஸ் கிட்டார் முன்னே வந்து நிற்கும். இப்போது வலதை மாட்டிக்கொண்டு இடதைக் கழற்றுங்கள், ஜானி ரமோனின் கிட்டார். இரண்டையும் அப்படிப் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். தனியாகக் கேட்டால்தான் தெரியும், ஜானி எங்கேயும் நின்று தனி ஆவர்த்தனம் வாசித்து வித்தை காட்டுவதில்லை. கையை மேலும் கீழும் வீசி, சில கார்டுகளையே (சேர்த்து ஒலிக்கும் சுரக்கட்டுகளை) அறைந்துகொண்டே போகிறார். 'இதை நாமும் வாசிக்கலாமே' என்று அன்றைக்குக் கேட்ட பையன்களுக்குத் தோன்றியது சும்மா இல்லை. அந்தத் தைரியம் எப்படிப் பரவியது என்பதுதான் இனி பார்க்கப்போகும் எல்லாப் படங்களின் கதையும்.

நேரம் இருந்தால் தி கிளாஷ் குழுவின் முதல் ஆல்பத்தையும், செக்ஸ் பிஸ்டல்ஸின் ஒரே ஸ்டுடியோ ஆல்பத்தையும் கேட்டுவிடுங்கள். இரண்டும் 1977.

இரண்டாம் படி: நியூயார்க், வாய் ஒருபக்கம் பாட்டு ஒருபக்கம்

'தி பிளாங்க் ஜெனரேஷன்' (1976). எடுத்தவர்கள் ஏமஸ் போ, இவான் கிரால். கிரால் வெளியாள் இல்லை. செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்தவர், பாடகி பட்டி ஸ்மித்தின் குழுவில் கிட்டார் வாசித்தவர். கறுப்பு வெள்ளை. படத்தில் பெரும்பகுதி மன்ஹாட்டனின் பவரி தெருவில், 315ஆம் எண் கட்டடத்தில் இருந்த சிபிஜிபி என்ற மதுக்கூடத்தைச் சுற்றியே நடக்கிறது.

ஹில்லி கிரிஸ்டல் 1973 டிசம்பரில் அந்த இடத்தைத் திறந்தது கன்ட்ரி, புளூகிராஸ், புளூஸ் இசைகளுக்காக. பெயரின் எழுத்துகளே அவற்றின் முதலெழுத்துகள்தான். வந்து சேர்ந்தவர்களோ டெலிவிஷன், ரமோன்ஸ், பிளாண்டி, டாக்கிங் ஹெட்ஸ். வேறெங்கும் மேடை கிடைக்காதவர்கள்.

படத்தைப் போட்டதும் உங்கள் பிரதி கெட்டுப்போயிருக்கிறதோ என்று சந்தேகம் வரும். உதடு ஒன்று அசையும், பாட்டு வேறெங்கோ போகும். பிரதியில் கோளாறு இல்லை. படத்தை ஒலி இல்லாமல் எடுத்துவிட்டு, தனியாகக் கிடைத்த ஒலிநாடாக்களை மேலே ஒட்டியிருக்கிறார்கள். ஒலியையும் ஒளியையும் சேர்த்துப் பதிவுசெய்யும் கருவிக்குக் காசு இல்லாதவர்களின் படம். பத்து நிமிடத்தில் பழகிவிடும். பிறகு முகங்களைப் பாருங்கள். யாருக்கும் தாங்கள் வரலாறு ஆகப்போகிறோம் என்ற நினைப்பே இல்லை. பிளாண்டி குழுவின் பாடகி டெபி ஹாரி இன்னும் உலக நட்சத்திரம் ஆகவில்லை, கேமரா முன்னால் விளையாடிக்கொண்டிருக்கிறார். பின்னால் வந்த எந்தப் பேட்டியிலும் இது கிடைக்காது.

மூன்றாம் படி: லண்டன், மூன்று நிமிடச் சுருள்

1976 ஜூலை 4ஆம் தேதி, அமெரிக்கா தன் 200ஆவது சுதந்திர தினத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது ரமோன்ஸ் லண்டன் ரவுண்ட்ஹவுஸ் மேடையில் வாசித்தார்கள். லண்டனில் ஏற்கெனவே தீ பற்றியிருந்தது. செக்ஸ் பிஸ்டல்ஸ் 1975 நவம்பரிலிருந்தே மேடை ஏறிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே பார்க்க வேண்டியது டான் லெட்ஸின் 'தி பங்க் ராக் மூவி' (1978). ஜமைக்காவிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர். கோவென்ட் கார்டனில் இருந்த ராக்ஸி கிளப்பில் இசைத்தட்டு போடுவதுதான் அவர் வேலை. பங்க் இசைத்தட்டுகள் அன்றைக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்கே வந்திருந்தன. அதனால் குழுக்களுக்கு இடையில் தனக்குத் தெரிந்த ரெக்கே என்ற ஜமைக்கா இசையைப் போட்டார். ஊசிமுடி வெள்ளைக்காரப் பையன்கள் அதற்குத் தலையாட்டத் தொடங்கினார்கள். தி கிளாஷ், தி ஸ்லிட்ஸ் பாட்டுகளில் ரெக்கே வாடை வீசுவதற்கு இந்த கிளப்புக்கும் பங்கு உண்டு. பாப் மார்லி 1977இல் இந்த உறவைப் பற்றியே ஒரு பாட்டு போட்டார்.

லெட்ஸ் கையில் இருந்தது சூப்பர் 8 கேமரா, அதாவது வீட்டு விசேஷங்களைப் படம்பிடிக்க நடுத்தரக் குடும்பங்கள் வாங்கிய சின்னக் கருவி. ஒரு சுருள் மூன்று நிமிடம் ஓடினால் பெரிது. பங்க் பாட்டும் ஏறக்குறைய அவ்வளவுதான். படத்தில் காட்சிகள் சட்டென்று தொடங்கிச் சட்டென்று முடிவதை இதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். கேமரா மேடைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். இடிபடுகிறது, ஆடுகிறது, எவனோ ஒருவன் தோள் குறுக்கே வருகிறது.

மியூனிக்கிலிருந்து வந்த திரைப்பட மாணவர் வோல்ஃப்காங் பியூல்ட் எடுத்த 'பங்க் இன் லண்டன்' (1977) படத்தையும் கூடவே பார்க்கலாம். வெளியாள் என்பதால், உள்ளே இருந்தவர்களுக்குக் கேட்கத் தோன்றாத கேள்விகளைக் கேட்கிறார். கொஞ்சம் இழுவைதான். பொறுமை இல்லையென்றால் தாண்டிவிடுங்கள், பெரிய நஷ்டமில்லை.

நான்காம் படி: ஒரே குழு, மூன்று வாக்குமூலம்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. செக்ஸ் பிஸ்டல்ஸின் கதையை மூன்று படங்கள் மூன்று விதமாகச் சொல்கின்றன. அவற்றில் இரண்டை எடுத்தவர் ஒரே இயக்குநர் என்பதுதான் வேடிக்கை.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். 1976 டிசம்பர் 1, தேம்ஸ் டெலிவிஷனின் மாலை நேர நிகழ்ச்சி. குவீன் குழு வர முடியாததால் கடைசி நேரத்தில் பிஸ்டல்ஸை அனுப்பியது அவர்களுடைய இசைத்தட்டுக் கம்பெனி இஎம்ஐ. நடத்துநர் பில் கிரண்டி அவர்களைச் சீண்ட, கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் ஜோன்ஸ் நேரலையில் கெட்ட வார்த்தைகளைக் கொட்டினார். மறுநாள் டெய்லி மிரர் முதல் பக்கம் முழுக்க அதுதான். அடுத்து வந்த சுற்றுப்பயணத்தில் பெரும்பாலான ஊர்கள் அரங்கம் தர மறுத்தன. 1977 ஜனவரியில் இஎம்ஐ கைகழுவியது. மார்ச்சில் ஏ அண்ட் எம் கம்பெனி பக்கிங்காம் அரண்மனைக்கு வெளியே மேசை போட்டு ஒப்பந்தம் எழுதி, ஒரு வாரம் தாங்காமல் அதை ரத்துசெய்தது. மே மாதம் வர்ஜின் கம்பெனி மூலம், அரசியின் வெள்ளிவிழாவைக் குறிவைத்து வந்த இசைத்தட்டை பிபிசி தடைசெய்தும் அது தரவரிசையில் இரண்டாம் இடம் வரை போனது. 1978 ஜனவரி 14, சான் பிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்ட் அரங்கம்: ஏமாந்துவிட்டோம் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் பாடகர் ஜானி ராட்டன் இறங்கிப் போனார். குழு முடிந்தது.

இப்போது படங்கள். 'தி கிரேட் ராக் அண்ட் ரோல் ஸ்விண்டில்' (1980), இயக்கம் ஜூலியன் டெம்பிள். இதில் மேலாளர் மால்கம் மெக்லாரன்தான் கதாநாயகன். எல்லாமே என் திட்டம், குழுவில் யாருக்கும் வாசிக்கவே தெரியாது, உலகத்தை ஏமாற்றிப் பணம் பறித்தேன் என்று பாடம் எடுக்கிறார். பாதி கற்பனை, பாதி உண்மைக் காட்சிகள். ராட்டன் இதில் நடிக்க மறுத்துவிட்டார், மெக்லாரன் மேல் வழக்கும் போட்டார். 1986இல்தான் குழுவுக்கு அதன் உரிமைகள் திரும்பக் கிடைத்தன. இந்தப் படத்தை முழுதாகப் பார்ப்பது சிரமம், அரை மணிக்குமேல் எனக்கு எரிச்சல் வந்துவிடும். ஆனாலும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் இருபது ஆண்டுகள் பலரும் நம்பிய கதை இது.

அடுத்து லெக் கோவால்ஸ்கியின் 'டி.ஓ.ஏ.' (1980). பிஸ்டல்ஸின் அமெரிக்கப் பயணத்தின்போது அனுமதி இல்லாமல் கையில் கேமராவோடு பின்னாலேயே போய் எடுத்தது. மேடையைவிட வெளியே நிற்கும் ரசிகர்களையும் திட்டுகிறவர்களையும் அதிகம் காட்டுகிறது. குழுவின் பேஸ் கிட்டாரிஸ்ட் சிட் விஷியஸும் அவர் காதலி நான்சி ஸ்பங்கனும் படுக்கையில் கிடந்தபடி கொடுத்த பேட்டி இந்தப் படத்தில்தான் இருக்கிறது. கேள்விக்குப் பதில் சொல்ல வாயெடுத்து, பாதியில் சிட் தூங்கி வழிகிறார். நான்சி தட்டித் தட்டி எழுப்புகிறார். நான்சி 1978 அக்டோபரிலும், சிட் 1979 பிப்ரவரியிலும் இறந்துபோனார்கள். படம் வெளியானபோது இருவருமே இல்லை. பங்க் என்றால் கொண்டாட்டம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தால் இந்தக் காட்சி அதைத் துடைத்துவிடும்.

மூன்றாவது, மறுபடி ஜூலியன் டெம்பிள்: 'தி ஃபில்த் அண்ட் தி ஃப்யூரி' (2000). அந்த டெய்லி மிரர் தலைப்பையே பெயராக வைத்திருக்கிறார். இந்த முறை குழுவினர் பேசுகிறார்கள். முகத்தைக் காட்டவில்லை, ஜன்னலுக்கு எதிரே நிழலுருவமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நரைத்த தலை வந்து உட்காரும் சிக்கலை டெம்பிள் இப்படித் தீர்த்துவிட்டார். குரல் மட்டும் இன்றையது, கண்ணுக்குத் தெரிவது எல்லாம் அன்றைய பையன்கள். குப்பை குவிந்த தெருக்கள், பழைய டிவி விளம்பரங்கள், மேடையில் ராட்டன் கூனிக் குறுகி நிற்கும் தோரணைக்கு மூலமான நடிகர் லாரன்ஸ் ஒலிவியேயின் மூன்றாம் ரிச்சர்ட் மன்னன் வேடம் எல்லாம் கலந்து வருகின்றன. சிட்டைப் பற்றிப் பேசும்போது ராட்டனின் குரல் உடைகிறது. உலகத்தைச் சபித்த குரல் அது.

மூன்றையும் பார்த்தபின் ஒரு தாளில் எழுதிப்பாருங்கள். கிரண்டி நிகழ்ச்சி யாருடைய வேலை? குழு உடைந்ததற்கு யார் காரணம்? ஒவ்வொரு படமும் வேறு பதில் சொல்லும். 2000ஆம் ஆண்டுப் படம் நேர்மையானது போலத் தோன்றும், பெருமளவுக்கு நேர்மையானதும்கூட. ஆனால் அதில் மெக்லாரனுக்குப் பேச இடமில்லை. 1980இல் ராட்டனுக்கு இல்லாத இடம்.

ஐந்தாம் படி: லாஸ் ஏஞ்சல்ஸ்

ஒரே ஒரு பங்க் ஆவணப்படம்தான் பார்ப்பேன் என்று யாராவது அடம்பிடித்தால் நான் கொடுப்பது பெனலப்பி ஸ்பீரிஸின் 'தி டிக்ளைன் ஆஃப் வெஸ்டர்ன் சிவிலைசேஷன்' (1981). 1979 டிசம்பரிலிருந்து 1980 மே வரை எடுத்தது. பிளாக் ஃபிளாக், ஜெர்ம்ஸ், எக்ஸ், ஃபியர், சர்க்கிள் ஜெர்க்ஸ் ஆகிய குழுக்கள் வருகின்றன.

தொடக்கத்தையே பாருங்கள். அரங்கில் படப்பிடிப்பு நடக்கிறது, உள்ளே வந்தால் படமெடுக்கச் சம்மதித்ததாக அர்த்தம் என்ற வறட்டுச் சட்ட அறிவிப்பைக் குழுக்காரர்கள் மேடையில் வாசிக்க வேண்டும். ஒவ்வொருவரும் அதைக் கிண்டலும் எரிச்சலுமாக வாசிக்கிறார்கள். அந்த வாசிப்பிலேயே யார் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடுகிறது.

அப்புறம் ரசிகப் பிள்ளைகள். வெறும் பல்பு ஒன்று தொங்குகிறது, அதன்கீழ் ஒவ்வொருவராக உட்கார வைத்து ஸ்பீரிஸ் கேள்வி கேட்கிறார். குரலில் அறிவுரை இல்லை, பதற்றமும் இல்லை. ஏன் அடித்துக்கொள்கிறீர்கள் என்று சாதாரணமாகக் கேட்கிறார், அவர்களும் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஜெர்ம்ஸ் பாடகர் டார்பி கிராஷை இரண்டு இடத்தில் பார்ப்பீர்கள். மேடையில் மைக்கைப் பிடிக்கவே தெரியாமல் தள்ளாடி விழுந்துகொண்டிருப்பார். வீட்டுச் சமையலறையில் முட்டை பொரித்துக்கொண்டு, கூச்சமுள்ள பையனைப்போல் பேசிக்கொண்டிருப்பார். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நம்ப நேரம் பிடிக்கும். படம் வெளிவரும் முன்பே, 1980 டிசம்பர் 7ஆம் தேதி, 22 வயதில் இறந்துபோனார்.

இந்தப் படத்தை நகரில் மறுபடி திரையிடக் கூடாது என்று போலீஸ் தலைவர் டேரில் கேட்ஸ் கடிதம் எழுதினார். 2016இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேடு இதைப் பாதுகாக்க வேண்டிய படமாகச் சேர்த்துக்கொண்டது. நீண்ட காலம் பெரும்பாலும் கள்ளப் பிரதிகளில் சுற்றிக்கொண்டிருந்தது, முறையான டிஸ்க் 2015இல்தான் வந்தது. மங்கலான பிரதியைப் பார்த்துவிட்டுப் படத்தைக் குறைசொல்லாதீர்கள், சுத்தப்படுத்திய பிரதியாகத் தேடி எடுங்கள்.

ஆறாம் படி: கதையில் விட்டுப்போனவர்கள்

இதுவரை பார்த்ததில் வெள்ளைக்கார ஆண்களே நிறைந்திருப்பார்கள். உண்மை அவ்வளவு வெளுப்பாக இல்லை.

'எ பேண்ட் கால்ட் டெத்' (2012): டெட்ராய்ட்டின் ஹேக்னி சகோதரர்கள், மூன்று கறுப்பின இளைஞர்கள். ரமோன்ஸின் ஆல்பம் வருவதற்கு முன்பே இதே வேகத்தில் பாட்டுகளைப் பதிவுசெய்துவிட்டார்கள். 'சாவு' என்ற குழுப் பெயரை மாற்றச் சொன்னார் இசைத்தட்டுக் கம்பெனித் தலைவர் கிளைவ் டேவிஸ். மூத்தவர் டேவிட் மாட்டேன் என்றார். ஒப்பந்தம் போனது. 1976இல் தாங்களே 500 இசைத்தட்டு போட்டார்கள், யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் இதைத் தேடிக்கொண்டு உலகம் வரும் என்று சொல்லி, மூல நாடாக்களைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு டேவிட் 2000இல் இறந்தார். 2009இல் அந்தப் பாட்டுகள் ஆல்பமாக வெளிவந்தன. கண் கலங்காமல் பார்ப்பது கஷ்டம்.

ரூபிகா ஷாவின் 'ஒயிட் ரயட்' (2019), முன்னால் சொன்ன அந்த ஸ்வஸ்திகா விளையாட்டுக்கு எதிர்முனை. லண்டன் தெருக்களில் நேஷனல் ஃபிரண்ட் என்ற இனவெறிக் கட்சி வளர்ந்துகொண்டிருந்தபோது, ராக் கிட்டாரிஸ்ட் எரிக் கிளாப்டன் 1976 ஆகஸ்டில் பர்மிங்காம் மேடையில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசினார். அதைக் கண்டித்து எழுந்ததுதான் 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' என்ற இயக்கம். 1978 ஏப்ரல் 30, விக்டோரியா பூங்காவில் தி கிளாஷ், ஸ்டீல் பல்ஸ், எக்ஸ்ரே ஸ்பெக்ஸ் எல்லாரும் பெருங்கூட்டத்தின் முன் வாசித்தார்கள். பங்க் எந்தப் பக்கம் நிற்கும் என்ற கேள்விக்கு அன்று ஒரு பதில் கிடைத்தது.

எக்ஸ்ரே ஸ்பெக்ஸின் பாடகி பாலி ஸ்டைரீன், தந்தை வழியில் சோமாலியர், பல்லில் கம்பி மாட்டிய பெண். அவருடைய மகள் செலஸ்ட் பெல் இணைந்து இயக்கிய 'பாலி ஸ்டைரீன்: ஐ ஆம் எ கிளிஷே' (2021) பெருமை பேசும் படமல்ல. மேடையில் புரட்சி செய்த அம்மாவை வீட்டில் சகித்துக்கொண்ட மகளின் கோபமும் அதில் இருக்கிறது.

நமக்கு நெருக்கமான படம் ஒன்றும் இந்த இடத்தில் சேர்கிறது. 'மாதங்கி/மாயா/எம்.ஐ.ஏ.' (2018). எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் ஈழத்தமிழ்ப் பெண் மாயா அருள்பிரகாசம் பங்க் பாடகி இல்லை. ஆனால் அவர் திரைப்படம் படித்த சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரி, செக்ஸ் பிஸ்டல்ஸ் முதன்முதலாக மேடை ஏறிய செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப் பள்ளியின் தொடர்ச்சி. அவரை உலகெங்கும் கொண்டுபோன 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் அடியில் ஓடுவது தி கிளாஷ் 1982இல் போட்ட 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாட்டின் இசை. குடியேறிகளை யாரும் சீந்தாததைப் பற்றிய பாட்டு அது. படத்தை எடுத்த ஸ்டீவ் லவ்ரிட்ஜ் அவருடைய கல்லூரி நண்பர். மாயாவே பல ஆண்டுகள் எடுத்து வைத்திருந்த வீடியோக்கள்தான் படத்தின் முதுகெலும்பு. இரண்டாம் படியில் சொன்ன பிளாங்க் ஜெனரேஷனோடு இதைப் பொருத்திப் பாருங்கள்.

ஏழாம் படி: இப்போது நரைத்த தலைகள் பேசட்டும்

இனி நினைவுகூரும் படங்களுக்குப் போகலாம். இரண்டு போதும். ஜிம் ஃபீல்ட்ஸ், மைக்கேல் கிரமாக்லியா எடுத்த 'எண்ட் ஆஃப் தி செஞ்சுரி' (2003) ரமோன்ஸின் கதை. பாடகர் ஜோயியின் காதலி லிண்டா, ஜானியின் மனைவியானார். அதன்பின் இருவருக்கும் சரியான பேச்சுவார்த்தை இல்லாமலே அதே வேனில் ஊர் ஊராகப் போய் 1996 வரை வாசித்தார்கள். மொத்தக் கச்சேரிகள் 2,263. முதல் படியில் கேட்டீர்களே, அந்த உற்சாகம் இவர்களிடமிருந்துதான் வந்தது. ஜோயி 2001இல் சாகும்போதும் ஜானி போய்ப் பார்க்கவில்லை. அதைப் பற்றிக் கேமரா முன் ஜானி விறைப்பாகப் பேசும் இடத்தை இரண்டு தடவை பாருங்கள்.

மற்றது, டான் லெட்ஸ் எடுத்த 'வெஸ்ட்வே டு தி வேர்ல்ட்' (2000), தி கிளாஷ் பற்றியது. ராக்ஸியில் சூப்பர் 8 வைத்திருந்த அதே ஆள், இப்போது அதே நண்பர்களை உட்கார வைத்துப் பேசச் சொல்கிறார். குழுவை எப்படிக் கெடுத்துக்கொண்டோம் என்று ஜோ ஸ்ட்ரம்மர் தன் தவறுகளை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். 2002இல் அவரும் போய்விட்டார்.

நேரம் குறைவாக இருந்தால்

ஒரு வார இறுதிதான் கிடைக்கும் என்றால்: வெள்ளி இரவு ரமோன்ஸ் ஆல்பமும் பிளாங்க் ஜெனரேஷனும். சனிக்கிழமை காலை டி.ஓ.ஏ., மாலை தி ஃபில்த் அண்ட் தி ஃப்யூரி. ஸ்விண்டிலை முதல் அரை மணி மட்டும் ஓட்டிப் பார்த்தால் போதும். ஞாயிறு டிக்ளைன், அது முடிந்ததும் எ பேண்ட் கால்ட் டெத். நண்பர்களைச் சேர்த்துப் பார்ப்பதென்றால் டிக்ளைனை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தபின் அந்தப் பல்புப் பிள்ளைகளைப் பற்றி விவாதம் தொடங்கிவிடும், அடுத்த படம் போட விடமாட்டார்கள். திரைப்படச் சங்கத்திலோ கல்லூரியிலோ பொதுவில் திரையிடுவதானால் உரிமைதாரரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். பாட்டு உரிமைகள் பின்னிக் கிடப்பதால் பதில் வர நாளாகும்.